வளைந்த குழலும் வெடித்த உதடும்

கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்புச் சட்டை, ஜரிகை வைத்த தொப்பி, பளபளக்கும் பித்தளைக் குழல்கள்! முன்வரிசையில் ஒருவர் டிரம்பெட்டை வானத்தை நோக்கித் தூக்குவார். கன்னம் இரண்டும் பந்துபோல் உப்பும். தெருப் பிள்ளைகள் அவர் பின்னாலேயே ஓடுவார்கள். அவர் என்ன பாட்டு வாசிக்கிறார் என்று யாரும் கவனிப்பதில்லை. கன்னத்தைத்தான் பார்ப்பார்கள்!

இப்படிக் கன்னத்தை உப்ப வைத்தே உலகம் முழுவதும் பெயர் வாங்கிய ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். டிஸ்ஸி கில்லெஸ்பி என்பது அவர் பெயர். "டிஸ்ஸி" என்றால் தலைசுற்றல். குறும்புக்காரர் என்பதால் நண்பர்கள் சூட்டிய பட்டப்பெயர் அது. டிரம்பெட் ஊதும்போது அவருடைய கன்னங்கள் தவளையின் தொண்டைபோல் வீங்கும். கன்னம் இப்படி வீங்குவதற்கு டாக்டர்கள் அவர் பெயரையே வைத்து "கில்லெஸ்பிப் பை" என்று சொல்லும் அளவுக்கு வீங்கும்!

ஆனால் அவருடைய கன்னத்தைவிட அவர் வைத்திருந்த டிரம்பெட்தான் பெரிய வேடிக்கை. மற்றவர்கள் டிரம்பெட் நேராக நீண்டிருக்கும். அவருடையது பாதியில் முறிந்ததுபோல் வளைந்து, வாய்ப்பகுதி வானத்தைப் பார்த்து நிற்கும். அது எப்படி வளைந்தது?

விருந்தில் நடந்த விபத்து

1953-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி. நியூயார்க் நகரில் "ஸ்னூக்கி" என்ற கேளிக்கை விடுதி. அன்று கில்லெஸ்பியின் மனைவிக்குப் பிறந்தநாள் விருந்து. கில்லெஸ்பி தன் டிரம்பெட்டை மேடையில் ஒரு தாங்கியில் நிறுத்தி வைத்தார். வானொலிப் பேட்டி ஒன்றுக்காக வெளியே போனார்.

அந்த நேரத்தில்தான் வினை வந்தது. "ஸ்டம்ப், ஸ்டம்பி" என்ற இரட்டை நகைச்சுவை நடனக்காரர்கள் மேடையில் விளையாடிக் கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரைத் தள்ளினார். தள்ளப்பட்டவர் டிரம்பெட்டின் மேல் விழுந்தார். குழல் வளைந்து, வாய்ப்பகுதி மேல்நோக்கி நிமிர்ந்துவிட்டது.

கில்லெஸ்பி திரும்பி வந்து பார்த்தார். மனைவியின் பிறந்தநாள், வீடு தேடி வந்த விருந்தினர்போல் நண்பர்கள். கோபிக்க முடியுமா? அந்த வளைந்த குழலையே எடுத்து ஊதினார். ஊதியவருக்கு ஆச்சரியம்! தன் நாதம் தன் காதுக்கே முன்னைவிடச் சீக்கிரம் வந்து சேர்வதுபோல் இருந்தது.

மறுநாள் குழலை நிமிர்த்திச் சரி செய்துவிட்டார். ஆனால் அந்த நாதத்தை அவரால் மறக்க முடியவில்லை. கடைசியில், 45 பாகை வளைந்த குழல் ஒன்றை மனைவியைக் கொண்டே படம் வரையச் செய்தார். அதை "மார்ட்டின்" என்ற வாத்தியக் கம்பெனிக்கு அனுப்பினார். "இதுபோல் ஒன்று செய்து கொடுங்கள்" என்று கேட்டார். அது முதல் சாகும் வரை, நாற்பது ஆண்டுகள், வளைந்த குழல்தான் அவர் கையில்!

இந்தக் கதையை அவர் சொல்லாத இடம் இல்லை. ஆனால் அவருடைய வரலாற்றை எழுதியவர் இன்னொரு சேதியும் சொல்கிறார். 1937-ல் கில்லெஸ்பி இங்கிலாந்துக்குப் போயிருந்தார். அங்கே மான்செஸ்டர் நகரில் ஒருவர் இப்படிப்பட்ட வளைந்த குழல் வைத்திருந்ததைப் பார்த்திருக்கலாமாம். எது எப்படியானாலும், கில்லெஸ்பி ஊதிய பிறகுதான் உலகம் அதைப் பார்த்தது.

வளைந்த குழலில் ஒரு நியாயமும் உண்டு. சிறிய விடுதிகளில் இடம் குறைவு. வாத்தியக்காரர் குனிந்து இசைக் குறிப்பைப் படிப்பார். நேர்க் குழலின் சத்தம் எதிரே இருக்கும் பலகையில் மோதித் தரையில் விழும். வளைந்த குழலின் சத்தமோ, முன்னால் இருப்பவர் தலைக்கு மேலே போய்விடும்.

கில்லெஸ்பி வெறும் வித்தைக்காரர் அல்ல. 1940-களில் சார்லி பார்க்கர் என்ற சாக்சபோன் மேதையுடன் சேர்ந்து "பீபாப்" என்ற புதிய ஜாஸ் பாணியை உண்டாக்கியவர். அந்தச் சங்கீதம் கஷ்டமானது. முதலில் கேட்பவர்களுக்குப் பிடிபடாது. கன்னத்தையும் குழலையும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், போகிற போக்கில் அந்தக் கஷ்டமான சங்கீதத்தையும் கேட்டுவிட்டுப் போனார்கள்! அவருடைய வளைந்த குழல் ஒன்று 1995-ல் நியூயார்க்கில் ஏலம் போனது. விலை 63 ஆயிரம் டாலர்.

உதடுதான் சீவாளி

பித்தளை வாத்தியத்தில் சத்தம் எங்கிருந்து வருகிறது? இது தெரிந்தால்தான் மேலே சொல்லப்போவது விளங்கும்.

நாதஸ்வரத்தில் சீவாளி இருக்கிறது. ஊதினால் சீவாளி அதிரும், நாதம் பிறக்கும். டிரம்பெட்டில் சீவாளி கிடையாது. சிறு கிண்ணம்போல் ஓர் ஊதுவாய் மட்டுமே இருக்கும். அதில் உதட்டைப் பொருத்தி, இரண்டு உதடுகளையும் இறுக்கி ஊதவேண்டும். அப்போது உதடுதான் அதிரும். ஆக, உதடுதான் சீவாளி!

டிரம்பெட்காரர்கள் பெருமையாகச் சொல்லும் மேல் ஸ்வரம் ஒன்று உண்டு. அதற்கு "ஹை சி" என்று பெயர். அதை ஊதும்போது உதடு ஒரு விநாடிக்கு 930 தடவை அதிர வேண்டும்! சீவாளி கெட்டால் வேறு சீவாளி மாட்டலாம். உதடு கெட்டால்?

குதிரை கனைத்தது, மாடு கத்தியது

பித்தளை வாத்திய வித்தைகளுக்குப் பிறந்த வீடு அமெரிக்காவின் தெற்கே உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரம். ஜாஸ் சங்கீதம் அங்கேதான் தோன்றியது. நடனமா, சவ ஊர்வலமா, கடை விளம்பரமா, எல்லாவற்றுக்கும் அந்த ஊரில் பேண்டு வாத்தியம் வேண்டும். குழுக்களுக்குள் போட்டி அதிகம். வண்டிகளில் ஏறி, தெருத் தெருவாக வாசித்துக்கொண்டு போவார்கள். டிராம்போன் என்ற இழுப்புக் குழலை ஊதுபவரை மட்டும் வண்டியின் கடைசியில், பின்பலகை ஓரமாக உட்கார வைப்பார்கள். ஏன் தெரியுமா? அவர் இழுக்கும் இழுப்பில் அடுத்தவர் மண்டை உடையாமல் இருக்கத்தான்!

ஃப்ரெடி கெப்பார்ட் என்று ஒருவர் இருந்தார். கார்னெட் என்ற சிறு டிரம்பெட் ஊதுவதில் கெட்டிக்காரர். தம்முடைய வித்தையை மற்றவர்கள் திருடிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். வாசிக்கும்போது கை விரல்களின் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடிக்கொள்வாராம்!

1917-ம் ஆண்டு பிப்ரவரியில், ஒரு வெள்ளைக்காரக் குழு நியூயார்க்கில் இசைத்தட்டுப் பதிவு செய்தது. ஜாஸ் சங்கீதத்தில் வெளிவந்த முதல் இசைத்தட்டு அதுதான். அதில் ஒரு பாட்டில் கார்னெட் குதிரைபோல் கனைத்தது. டிராம்போன் மாடுபோல் கத்தியது. கிளாரினெட் சேவல்போல் கூவியது. ஜனங்கள் விழுந்து விழுந்து வாங்கினார்கள். ஜாஸ் உலகத்துக்குள் நுழைந்ததே ஒரு மாட்டுக் கொட்டகைச் சத்தத்தோடுதான்!

அழுத குழந்தை

இந்த வித்தைக்காரர்களுக்கெல்லாம் ராஜா ஒருவர் இருந்தார். பெயரே "கிங்" ஆலிவர். கிங் என்றால் அரசர் அல்லவா? சொந்தப் பெயர் ஜோ ஆலிவர். கறுப்பினத்தைச் சேர்ந்தவர். ஆஜானுபாகுவான ஆள்.

கையில் அகப்பட்டதையெல்லாம் கார்னெட்டின் வாயில் பிடிப்பார். கண்ணாடித் தம்ளர், கோப்பை, வாளி, தலைத் தொப்பி, எதுவும் அவருக்குச் சம்மதம். மூடி மூடித் திறந்தால் "வா... வா..." என்று குழல் பேசும். ஆலிவர் ஊதினால் கைக்குழந்தை வீரிட்டு அழுவது அப்படியே கேட்கும். ஆட வந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

1922-ல் சிக்காகோவில் ஆலிவர் கொடி கட்டிப் பறந்தார். தமக்கு இரண்டாவது கார்னெட் வாசிக்க, நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஓர் இளைஞரை வரவழைத்தார். அந்த இளைஞர்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங். ஆம்ஸ்ட்ராங்குக்கு ஆலிவர் குருவும் ஆனார், தகப்பனும் ஆனார்.

ஆலிவரைக் கேட்டுச் சொக்கிப்போன இன்னொருவர் பபர் மைலி. அவர் ஆலிவரையும் மிஞ்சினார். குழாய் அடைப்பைக் குத்தி எடுப்பதற்கு ஒரு ரப்பர் கிண்ணம் உண்டல்லவா? கழிவறையில் கிடக்குமே, அதுதான்! அதன் கட்டையைக் கழற்றிவிட்டு, ரப்பரை மட்டும் டிரம்பெட்டின் வாயில் வைத்து ஆட்டினார் மைலி. தொண்டையிலிருந்து உறுமலும் கொடுத்தார். காட்டு விலங்கு ஒன்று மனிதனைப்போல் புலம்பினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

அவரோடு வாசித்த டிராம்போன்காரருக்கு "தந்திரக்கார சாம்" என்றே பட்டப்பெயர். சாம் நான்டன், குழலுக்குள் ஒரு சிறு அடைப்பானைச் செருகுவார். வெளியே ரப்பரை ஆட்டுவார். வாய்க்குள்ளேயே பேசுவதுபோல் நாக்கை அசைப்பார். "யா... யா..." என்று டிராம்போன் மனிதக் குரலில் பேசும். எப்படிச் செய்தார் என்ற முழு ரகசியத்தையும் அவர் யாருக்கும் சொல்லவில்லை. 1946-ல் இறந்தார். ரகசியத்தில் பாதி அவரோடு போயிற்று.

இவர்கள் இருவரும் இருந்தது டியூக் எலிங்டன் என்ற மேதையின் குழுவில். எலிங்டன் இந்தச் சத்தங்களைக் கேட்டுச் சிரிக்கவில்லை. இந்தச் சத்தங்களுக்காகவே மெட்டு அமைத்தார். 1926-லும் 1927-லும் அப்படி அமைத்த மெட்டுகளை இன்றும் ஜாஸ் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள்.

1929-ல் மைலி குழுவை விட்டுப் போனார். அவர் இடத்துக்கு கூட்டி வில்லியம்ஸ் என்ற இளைஞர் வந்தார். நான்டன் ரப்பரை ஆட்டி வாசித்ததைக் கேட்டு, கூட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது ஏதோ கோமாளித்தனம்" என்று நினைத்தார். அவரையும் அப்படி வாசிக்கும்படி எலிங்டன் சொல்லவே இல்லை. சில நாள் போயிற்று. தம்மை எதற்காக இந்த இடத்துக்கு எடுத்திருக்கிறார்கள் என்று கூட்டிக்குத் தானே புரிந்தது. தானும் ஒரு ரப்பர் கிண்ணம் வாங்கினார்! அதன் பிறகு அந்த உறுமலில் அவருக்கு இணை அவர்தான். 1963-ல் எலிங்டன் குழு நம் நாட்டுக்கு வந்தது. சென்னையிலும் வாசித்தது. அப்போது கூட்டியும் அந்தக் குழுவில் இருந்தார்.

இதற்கிடையில் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? பாட்டுக்காரர்கள் தலையில் போட்ட தொப்பியைப் பார்த்து, குழலுக்கென்றே தகரத் தொப்பி செய்து விற்றார்கள். 1940-வாக்கில் கிளென் மில்லர் போன்றவர்களின் பெரிய குழுக்களில், ஒரு வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் தொப்பியை ஆட்டும். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி! ஆனாலும் என்னைக் கேட்டால், பத்துப் பேர் ஆட்டிய தொப்பியைவிட மைலி ஆட்டிய ஒற்றை ரப்பர்தான் மனத்தை உருக்கும்.

காலால் ஊதியவர்

சிரிக்க வைப்பதற்கென்றே வித்தை செய்தவர்களும் உண்டு. ஜார்ஜ் புரூனிஸ் என்ற டிராம்போன்காரர் மேடையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். ரசிகர் ஒருவரைக் கூப்பிட்டுத் தம் மேல் உட்காரச் சொல்வார். பிறகு டிராம்போனின் இழுப்பைக் காலால் தள்ளித் தள்ளி வாசிப்பார்! இத்தனைக்கும் அவர் நல்ல வித்வான். இன்னொரு வேடிக்கை: எண் ஜோதிடர் ஒருவர் சொன்னார் என்று, தம் பெயரில் இருந்த ஆங்கில "ஈ" எழுத்துகளை எடுத்துவிட்டார். எண் ஜோதிடம் நம் ஊர்ச் சரக்கு மட்டும் அல்ல போலிருக்கிறது!

கிளார்க் டெர்ரி என்பவர் டிரம்பெட்டைத் தலைகீழாகப் பிடித்து வாசிப்பார். ஒரு கையில் டிரம்பெட், மறு கையில் அதைவிடப் பருத்த ஃப்ளூகல்ஹார்ன். இரண்டையும் மாற்றி மாற்றி வாயில் வைத்து, தனக்குத் தானே கேள்வியும் பதிலும் சொல்லிக்கொள்வார். அவர் ஏழைப் பிள்ளை. சிறு வயதில் டிரம்பெட் வாங்கக் காசில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர்க் குழாய், ஒரு புனல், ஒரு துண்டு ஈயக் குழாய் மூன்றையும் சேர்த்துத் தாமே ஒரு வாத்தியம் செய்து ஊதிக்கொண்டிருந்தார்.

கனடாக்காரர் மேனார்டு ஃபெர்குசன், இழுப்பும் பொத்தானும் சேர்ந்த விசித்திரக் குழல்களை உண்டாக்கினார். மற்றவர்களால் எட்ட முடியாத மேல் ஸ்வரங்களில் உலாவுவார். 1960-களின் கடைசியில் அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்தார். ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்தார்.

நூறு தடவை

தொப்பி, ரப்பர், கால் வித்தை எதனாலும் வாத்தியக்காரருக்கு ஆபத்தில்லை. ஆபத்தான வித்தை வேறு.

ஆலிவரின் சீடர் ஆம்ஸ்ட்ராங், 1930-களின் தொடக்கத்தில் பெரும்புகழ் அடைந்தார். கையில் எப்போதும் வெள்ளைக் கைக்குட்டை. முகத்தில் வழியும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வாசிப்பார். கச்சேரியின் முடிவில் அந்த "ஹை சி" ஸ்வரத்தைப் பிடிப்பார். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. நூறு தடவைக்கு மேல்! கடைசியில் அதற்கும் மேலே தாவி ஒரு ஸ்வரத்தில் நிற்பார். கூட்டம் கூரை இடியக் கத்தும். நேற்று நூறு என்றால் இன்று அதற்கும் மேல் வேண்டும் அல்லவா? ஜனங்கள் அதைக் கேட்கத்தானே காசு கொடுத்து வந்திருக்கிறார்கள்!

அவர் ஊதுவாயை உதட்டில் பலமாக அழுத்துவார். உதடு வெடிக்கும். ஆறும் முன்னே அடுத்த ஊர்; அடுத்த கச்சேரி. தழும்பின் மேல் தழும்பு ஏறியது. காய்த்துப்போன தோலைத் தாமே எடுத்துவிடுவாராம். 1933-ல் லண்டன் மேடையிலேயே உதடு பிளந்துவிட்டது. மறு வருஷம் பாரிஸ் நகரில் மாதக்கணக்கில் வாசிக்காமல் இருந்தார்.

திரும்பி வந்தவர் வழியை மாற்றிக்கொண்டார். ஸ்வர எண்ணிக்கை குறைந்தது. பாடுவது அதிகமாயிற்று. ஜெர்மனியில் செய்த ஒரு களிம்பை உதட்டில் தவறாமல் தடவி வந்தார். 1971-ல் இறக்கும் வரை, உலகத்துக்கே சங்கீதம் கொடுத்த அந்த உதட்டில் வடு மறையவில்லை. உதட்டுத் தசை கிழியும் இந்த நோய்க்கு, அவருடைய "சாட்ச்மோ" என்ற செல்லப் பெயரையே 1982-ல் ஒரு டாக்டர் வைத்தார்.

ராஜாவின் கதை

குருநாதர் ஆலிவர் என்ன ஆனார்?

1927-ல் நியூயார்க்கின் "காட்டன் கிளப்" என்ற பெரிய விடுதி அவரைக் கூப்பிட்டது. சம்பளம் போதாது என்றார் ஆலிவர். வேலை எலிங்டனுக்குப் போயிற்று. ஆலிவரிடம் மைலி கற்ற அதே ரப்பர் வித்தையால் எலிங்டன் குழு நாடெங்கும் பிரசித்தி அடைந்தது!

ஆலிவருக்கு ஈறு நோய் வந்தது. பற்கள் ஒவ்வொன்றாகப் போயின. பல் இல்லாவிட்டால் உதட்டுக்குப் பிடிமானம் ஏது? மேடை ஏறுவார்; ஊத முடியாது. குழு கலைந்தது. கடைசியில் ஜார்ஜியா மாநிலத்தில் சவானா என்ற ஊரில் காய்கறி, பழம் விற்றார். ஒரு விளையாட்டு விடுதியைப் பெருக்கித் துடைக்கும் வேலையும் பார்த்தார். 1938-ம் ஆண்டு ஏப்ரலில் அங்கேயே இறந்தார். வாடகைக்கு வைத்திருந்த பணத்தைச் செலவழித்து, அவருடைய சகோதரி உடலை நியூயார்க்குக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தாள்.

அதற்கு முந்திய வருஷம் ஆம்ஸ்ட்ராங் கச்சேரிக்காகச் சவானாவுக்கு வந்தார். தெருவில் ஒரு காய்கறிக் கடை. கடைக்காரரைப் பார்த்தார். பார்த்தால், குருநாதர்! ஆம்ஸ்ட்ராங் பையில் இருந்த பணத்தை எல்லாம் எடுத்து அவர் கையில் திணித்தார். குழுவில் ஆலிவரிடம் முன்பு வேலை பார்த்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களும் ஆளுக்கு முடிந்ததைக் கொடுத்தார்கள்.

இரவு கச்சேரி நடந்தது. வாசித்துக்கொண்டிருந்த ஆம்ஸ்ட்ராங் மேடையின் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஆலிவர் நின்றுகொண்டிருந்தார். கொடுத்த பணத்தை எடுத்துக்கொண்டு நேரே அடகுக் கடைக்குப் போயிருக்கிறார். அடகு வைத்திருந்த தம் நல்ல உடுப்புகளை மீட்டு வந்திருக்கிறார். பழைய நாளைப்போல் கோட்டு, பளபளக்கும் பூட்சு, ஓரம் மடித்த தொப்பி! அந்தத் தொப்பி இப்போது தலையில்தான் இருந்தது. இரவு முழுவதும் அங்கேயே நின்று கேட்டார். ராஜாபோல் இருந்தார் என்று ஆம்ஸ்ட்ராங் பிற்காலத்தில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.